வட சென்னை மொட்டை மாடியில சோலாரும் விண்ட்மில்லும்: அடிக்கடி கேக்குற கேள்விங்க

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர், மணலின்னு நம்ம பக்கத்து ஆளுங்க மாடியில சோலார் போடலாமான்னு யோசிக்கும்போது திரும்பத் திரும்ப கேக்குறது இதெல்லாம்தான். வேற ஊருக்கு எழுதின பதில் நமக்கு அப்படியே செட் ஆகாது, இங்க கடல் உப்பு, நிலக்கரி தூசி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டின வீடு, டிசம்பர் புயல்னு எல்லாமே வேற, அதனால நம்ம மாடிய மனசுல வெச்சே எழுதியிருக்கேன்.

மொதல்ல இதை சொல்லுங்க, நம்ம ஏரியாவுல சோலார் ஒழுங்கா வேலை செய்யுமா?

நல்லாவே செய்யும். சென்னையில 1 கிலோவாட் போட்டா வருஷ சராசரியில ஒரு நாளைக்கு 4 யூனிட் பக்கம் வரும், வருஷத்துக்கு 1,400 யூனிட்டுக்கு குறையாதுன்னு வெச்சுக்கலாம். பிப்ரவரி, மார்ச்ல நல்லா வரும், அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழை மேகத்துல இறங்கிடும். மே மாச வெயில்லதான் அள்ளும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அதுக்கு ஆகாது. பேனல் சூடு 25 டிகிரிய தாண்டின பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3லேர்ந்து 0.4 சதவீதம் கரண்ட் குறையும், கத்திரி வெயில்ல மதியம் பேனல் 60 டிகிரிக்கு மேல போயிடும், அப்போ பத்து சதவீதத்துக்கு மேலயே காணாம போகும். பேனலுக்கு அடியில காத்து ஓடுற மாதிரி இடைவெளி விட சொல்றது இதுக்காகத்தான்.

எந்த கம்பெனி பேனல் நல்லதுன்னுதான் எல்லாரும் மொதல்ல கேக்குறாங்க. என்னைக் கேட்டா அது கடைசி கேள்வி. மாடியில நிழல் எங்க விழுது, எந்த இரும்புல ஸ்டாண்ட் அடிக்கிறாங்க, தண்ணி ஊத்தி கழுவ வசதி இருக்கா, இந்த மூணும்தான் வட சென்னையில சிஸ்டத்தோட ஆயுசை தீர்மானிக்குது.

எங்க வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேணும்?

ஈபி பில்லை எடுத்து வெச்சுக்கோங்க, ஒரு பில்லு பத்தாது, ஒரு வருஷத்துக்கு உண்டானது வேணும், ஏசி ஓடுற மாசமும் ஓடாத மாசமும் தனித்தனியா தெரியணும். ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட் ஓடுதுன்னு வைங்க. 2 கிலோவாட் போட்டா 60 நாளைக்கு 480 யூனிட் வரும், மிச்சம் ஈபி கிட்ட வாங்குறது 120 தான், அதுல 100 ஃப்ரீ. அதுக்கு மேல மூணாவது கிலோவாட் போட்டீங்கன்னா உங்களுக்கு மிச்சமாகுறது ரொம்ப கொஞ்சம், ஏன்னா நீங்க அதிகமா கிரிட்டுக்கு, அதாவது ஈபி லைனுக்கு, அனுப்புற யூனிட்டுக்கு கடைசியில கிடைக்கிற ரேட் நீங்க ஈபிக்கு கட்டுற ரேட் கிட்டயே வராது.

நம்ம ஊரு பில்லுல 500 யூனிட்ங்கிறது ஒரு கோடு. அதைத் தாண்டினா மேல இருக்க யூனிட்டுக்கு ரேட் ஏறுறது மட்டுமில்ல, கீழ இருக்க குறைஞ்ச ரேட் ஸ்லாபும் போயிடும், அதான் 490 வந்த வீட்டுக்கும் 520 வந்த வீட்டுக்கும் பில்லு அவ்வளவு வித்தியாசமா இருக்கு. அதனால 500ஐ அடிக்கடி தாண்டுற வீட்டுக்கு சோலார் சீக்கிரம் காசை எடுத்துடும். ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ளயே முடிச்சுக்கிற வீடுன்னா வேணாம்னுதான் நான் சொல்லுவேன், அந்தக் காசுல பழைய ஃபேனை எல்லாம் பிஎல்டிசி ஃபேனா மாத்துங்க, 75 வாட் இழுக்குற இடத்துல 30 வாட்தான் இழுக்கும்.

இன்னொண்ணு, உங்க கனெக்‌ஷனுக்கு ஈபியில எத்தனை கிலோவாட் லோடு சாங்ஷன் ஆகியிருக்குன்னு பாருங்க. பழைய வீடுங்கள்ல 1, 2 கிலோவாட்டுன்னே இருக்கும். அதைவிட பெரிய சோலார் போடணும்னா லோடை ஏத்திக்கணும், அதுக்கு தனியா காசு கட்டணும்.

மானியம் எவ்வளவு, யாருக்கு கிடைக்கும்?

மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டம், 2024 பிப்ரவரில ஆரம்பிச்சது. மொத 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூணாவதுக்கு 18,000, ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000, அதுக்கு மேல எவ்வளவு பெருசா போட்டாலும் அதே 78,000 தான். வீட்டு கனெக்‌ஷனுக்கு மட்டும்தான், கடைக்கு கிடையாது. பேனலுக்குள்ள இருக்க செல்லும் (வெளிச்சத்தை கரண்ட்டா மாத்துற சின்னச் சின்ன தகடு) இந்தியாவுல செஞ்சதா இருக்கணும், அந்த பேனல் கொஞ்சம் விலை ஜாஸ்தி, கொட்டேஷன்ல அதை தெளிவா எழுதி வாங்கிக்கோங்க, இல்லன்னா மாட்டின பிறகு மானியம் நின்னுடும். பணம் மொதல்ல நீங்க கட்டணும், மீட்டர் மாட்டி எல்லாம் முடிஞ்ச பிறகுதான் மானியம் உங்க பேங்க் அக்கவுன்ட்டுக்கு வரும்.

நம்ம பக்கம் பெரிய தலைவலி பேரு. ஈபி கனெக்‌ஷன் தாத்தா பேர்ல இருக்கும், அவர் இறந்து இருபது வருஷம் ஆகியிருக்கும், யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க. கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் அப்ளை பண்ண முடியும், அதனால பேனல் விலை கேக்குறதுக்கு முன்னாடி பேர் மாத்துற வேலைய ஆரம்பிச்சுடுங்க.

கரண்ட் கட் ஆனா சோலார் ஓடுமா?

சாதாரண ஆன்கிரிட் சிஸ்டம், அதாவது பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேர்ந்து வேலை செய்யுறது, ஓடாது. மாடியில வெயில் கொளுத்தும், கீழ வீட்ல ஃபேன் நிக்கும், அதைப் பாத்து ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்குப் போனவங்க இருக்காங்க. ஆனா அது கோளாறு இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்காங்க. தெருவுல லைனை ஆஃப் பண்ணிட்டு ஈபி ஊழியர் கம்பத்துல ஏறி வேலை பாக்கும்போது உங்க மாடியிலேர்ந்து கரண்ட் லைனுக்குப் போச்சுன்னா அவர் உயிருக்கு ஆபத்து, அதனால கிரிட்ல கரண்ட் போனவுடனே இன்வெர்ட்டர் (பேனல் கரண்ட்டை வீட்டுக்கு ஏத்த கரண்ட்டா மாத்துற பொட்டி) தானா நின்னுடணும்னு விதி. இதை விக்கிறவங்க மொதல்லயே சொல்லணும், பல பேர் சொல்றதில்ல, எனக்கு இதுலதான் ரொம்ப கோவம்.

கட் ஆனாலும் ஓடணும்னா ஈபியோடயும் பேட்டரியோடயும் சேர்ந்து ஓடுற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும், செலவு நல்லா ஏறும். நான் சொல்றது என்னன்னா, ஏற்கனவே வீட்ல யுபிஎஸ் பேட்டரி இருந்தா அதை அப்படியே விட்டுட்டு சோலாரை ஆன்கிரிட்டா போடுங்க. ஒரு 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரில பேப்பர் கணக்குக்கு 1.8 யூனிட், பேட்டரி கெடாம எடுக்குறதுன்னா 1 யூனிட் பக்கம். நாலு பிஎல்டிசி ஃபேனும் நாலஞ்சு லைட்டும் அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஓடும், நம்ம ஏரியாவுல வர்ற சாதாரண கட்டுக்கு அது போதும். வீட்ல ஆக்சிஜன் மெஷின், நெபுலைசர்னு நிக்கவே கூடாத சாமான் இருந்தாலோ தையல், ஜெராக்ஸ்னு வீட்லயே தொழில் இருந்தாலோ அப்போ லித்தியம் பேட்டரியோட ஹைபிரிட்டுக்குப் போங்க, அது நியாயமான செலவு. 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்கு அப்புறம் நாள் கணக்குல கரண்ட் இல்லாம கிடந்தோம், அந்த மாதிரி நேரத்துக்கு உதவுறது இந்த சிஸ்டம்தான்.

பக்கத்து வீட்டு நிழல் கொஞ்சம் விழுது, பரவாயில்லையா?

கொஞ்சம்னு விட்டுடக் கூடாது. பேனல்ல செல்லுங்க எல்லாம் வரிசையா ஒண்ணு பின்னால ஒண்ணு கோத்திருக்கும், ஓஸ் பைப்பை ஒரு இடத்துல மிதிச்சா மொத்த தண்ணியும் குறையுற மாதிரி ஒரு செல்லுல நிழல் விழுந்தா அந்த வரிசையே படுத்துடும். சாதாரணமா ஒரு பேனல்ல மூணு பைபாஸ் டையோடு இருக்கும், நிழல் விழுந்த பகுதிய விட்டுட்டு கரண்ட்டை சுத்தி அனுப்புறது அதுதான், அதனால மூணுல ஒரு பங்கோட போகும், அவ்வளவுதான் அது காப்பாத்தும். டிஷ் ஆன்டெனா, கேபிள் டிவி கம்பி, துணி காயப் போடுற கொடி, இதெல்லாம்கூட கணக்குதான்.

நம்ம ஊரு 13 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் கடைசியிலயும் ஆகஸ்ட் நடுவுலயும் மதியம் சூரியன் நேர் உச்சிக்கு வந்துடும், அன்னைக்கு பாத்தா மாடியில நிழலே இருக்காது, டிசம்பர்ல தெற்கே சாஞ்சிடும். 10 அடி உயர மாடிப்படி ரூம் டிசம்பர் மதியத்துல வடக்கே ஏழரை அடிக்கு நிழல் போடும், காலையிலயும் சாயந்தரமும் அதைவிட பல மடங்கு. அதனால மே மாசம் வந்து அளவெடுத்துட்டுப் போறவர் கிட்ட டிசம்பர்ல நிழல் எங்க விழும்னு கேளுங்க, பதில் சொல்லத் தெரியலன்னா வேற ஆளைப் பாருங்க. பேனல் தெற்கு பாத்து 10லேர்ந்து 15 டிகிரி சாய்வுல இருந்தா போதும்.

இதுல பெரிய பயம் தெற்குப் பக்கத்து மனைதான். கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கமெல்லாம் சுவரோட சுவர் ஒட்டின வீடு, இன்னைக்கு ஓடு போட்ட வீடா இருக்கும், ரெண்டு வருஷத்துல மூணு மாடி நிக்கும். 25 வருஷத்துக்குப் போடுற சாமான், அதனால பக்கத்து வீட்டு அண்ணன் கிட்ட கட்டுற ஐடியா இருக்கான்னு வாயைத் திறந்து கேட்டுடுங்க. நிழலைத் தவிர்க்கவே முடியாதுன்னா பேனலுக்கு ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர் போடுற முறை இருக்கு, விலை கூட, ஆனா ஒரு பேனல் படுத்தா மத்தது படுக்காது.

எண்ணூர், மணலி தூசியில பேனல் தாங்குமா?

தாங்கும், கழுவணும். அத்திப்பட்டுல வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூர்ல 1,500 மெகாவாட் நிலையம், காமராஜர் துறைமுகத்துல இறங்குற நிலக்கரி, சாம்பல் குளம், மணலி ஃபேக்டரிங்க, எக்ஸ்பிரஸ் ரோட்ல ராத்திரி பகலா ஓடுற கன்டெய்னர் லாரி, எல்லாத்தோட தூசியும் நம்ம மாடியிலதான் இறங்குது. ராயபுரம் ஆளுங்களுக்கு இது புதுசில்ல, சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி இறக்கக் கூடாதுன்னு 2011ல ஹைகோர்ட் உத்தரவு வர்ற வரைக்கும் வீட்டுக்குள்ள தரையில கால் வெச்சா கரி ஒட்டும். ஊருக்கெல்லாம் கரண்ட் போக சாம்பலை நாம வாங்கிக்கிட்டோம், அதே மாடியில நமக்குன்னு கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கிறது நமக்கு உண்டான நியாயம்னுதான் நான் நினைக்கிறேன்.

ஒரு தடவை உங்க பேனலோட கீழ் ஓரத்தை கிட்ட போய் பாருங்க. விடியக்காலை பனி பேனல் மேல இறங்கி தூசியோட கலந்து கீழ வழியும், அலுமினிய ஃபிரேம் விளிம்புல தடுத்து நிக்கும், வெயில் வந்ததும் காஞ்சு ஒரு விரல் அகலத்துக்கு சேறு மாதிரி இறுகிடும். மேலேர்ந்து பாத்தா பேனல் சுத்தமாத்தான் தெரியும், ஆனா அந்த ஒரு விரல் பட்டை கடைசி வரிசை செல்லை மூடியிருக்கும், மேல சொன்ன நிழல் கதைதான் இங்கயும். அந்த விளிம்புல மாட்டுறதுக்கு சின்ன பிளாஸ்டிக் கிளிப் இருக்கு, தண்ணிய வழிய விட்டுடும், விலை ரொம்ப கம்மி, கேட்டு வாங்குங்க.

எண்ணூர், மணலி பக்கம் வாரத்துக்கு ஒரு தடவை, பெரம்பூர், கொளத்தூர் பக்கம் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கழுவினா சரியா இருக்கும். காலையில சீக்கிரமோ பொழுது சாஞ்ச பிறகோ கழுவுங்க, கொதிக்கிற கண்ணாடி மேல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. போர் தண்ணி வேணாம், கடலோரத்துல நிலத்தடி நீர் உப்பு, காஞ்சா வெள்ளைப் படலம் நின்னுடும், அதை எடுக்குறது தூசிய எடுக்குறதைவிட கஷ்டம். ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளுற தண்ணி அதைவிட மோசம். மெட்ரோ தண்ணி, மழைத் தண்ணி, ஏசிலேர்ந்து சொட்டுற தண்ணிய பக்கெட்ல பிடிச்சு வெச்சது, இதெல்லாம் நல்லது. சோப்பு, ஆசிட், இரும்பு நார் கூடவே கூடாது, நீள கம்புல மெத்துன்னு துணி கட்டினா போதும்.

கடல் பக்கத்துல இருக்கோம், ஸ்டாண்ட் துரு பிடிக்காதா?

பிடிக்கும், இங்க மொதல்ல சாகுறது ஸ்டாண்ட்தான். பேனல் பொட்டியில உப்புக்காத்து டெஸ்ட் பாஸ்னு சர்டிஃபிகேட் இருக்கும், ஐஇசி 61701னு அதுக்குப் பேரு, அதைக் கேட்டு வாங்குங்க. ஆனா அந்த சர்டிஃபிகேட் பேனலுக்குத்தான், அதைத் தாங்குற இரும்புக்கு இல்ல. காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்துல ஸ்டாண்ட் இரும்பு ஹாட் டிப் கால்வனைஸ் பண்ணதா, அதாவது உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்ததா, 80 மைக்ரான் பூச்சுக்கு குறையாம இருக்கணும். அதைவிட முக்கியம், மாடியில வெச்சு வெல்டிங் அடிக்க விடாதீங்க. வெல்டு பண்ற சூட்ல அந்த துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போயிடும், மேல சில்வர் பெயின்ட் அடிச்சு பளபளன்னு காட்டுவாங்க, ஒரு மழைக்காலம் போனா அந்த ஜாயின்ட்லேர்ந்துதான் செம்மண் நிறத்துல கோடு வழியும். ஃபேக்டரியிலயே ஓட்டை போட்டு பூச்சு முடிச்சு வந்த கால்களை போல்ட் போட்டு முடுக்குற மாதிரி செய்ய சொல்லுங்க, நட்டு போல்ட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கடல் ரொம்ப கிட்டன்னா 316 கிரேடு.

புயல்ல பேனல் பறக்காதா?

ஒழுங்கா போட்டா பறக்காது. நம்ம பேனல் ஒண்ணு ஏழரை அடிக்கு மூணே முக்கா அடி, வெயிட் 28 கிலோ பக்கம். 120 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா அதைத் தூக்குற விசை நூறு கிலோவைத் தாண்டிடும். இந்தியக் கட்டட விதியில சென்னைக்கு கணக்கு வைக்க வேண்டிய காத்து வேகம் செகண்டுக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், கொட்டேஷன்ல ஸ்ட்ரக்சர் இந்த வேகத்துக்கு டிசைன் பண்ணதுன்னு எழுத்துல வாங்குங்க. வடாம், கருவாடு காய வைக்க மாடி வேணும்னு எட்டு அடி உயரத்துல ஸ்டாண்ட் கேக்குறோம், கேக்கலாம், தப்பில்ல, ஆனா உயரம் ஏற ஏற காலும் அடித்தளமும் பலமாகணும், சும்மா தளத்து ஓட்டு மேல நாலு போல்ட் போட்டுட்டுப் போனா ஒழுகலும் நிச்சயம், ஆபத்தும் நிச்சயம்.

பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ். போடலாமா?

மரத்து உத்தரம் போட்டு செங்கல்லை சாய்ச்சு அடுக்கி சுண்ணாம்புல கட்டின மாடி ஜார்ஜ் டவுன்லயும் ராயபுரத்துலயும் இன்னும் நிறைய இருக்கு. அதுல டிரில் போடாதீங்க, கான்கிரீட் கட்டையும் வைக்காதீங்க, சுவர் மேல லோடு இறங்குற மாதிரி இரும்பு பீம் போட முடியுமான்னு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வெச்சு பாத்த பிறகுதான் எதுவும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் இதே பதில், ஷீட் மேல வேணாம், அது மேல ஏறி நடக்கவும் வேணாம்.

விண்ட்மில் போடலாமா? கடல் காத்து சும்மா வீசுதே.

வீசுது, வேணாம்னு நான் சொல்றதுக்கு காரணம் கணக்குதான். காத்து வேகம் பாதியானா கரண்ட் பாதியாகாது, எட்டுல ஒரு பங்காயிடும், வேகத்தை அதோடயே மூணு தடவை போட்டு பெருக்குற கணக்குலதான் அது ஏறும் இறங்கும். 1 கிலோவாட்டுன்னு விக்கிற சின்ன விண்ட்மில், எட்டடி விட்டம், செகண்டுக்கு 12 மீட்டர் காத்துலதான் அந்த 1 கிலோவாட் தரும், அது மணிக்கு 43 கிலோமீட்டர், அந்த காத்து வந்தா மாடியில துணியே நிக்காது. நமக்கு சாயந்தரம் சுகமா இருக்கே கடல் காத்து, அது 4 மீட்டர் பக்கம்னு வைங்க, மூணுல ஒரு பங்கு வேகம், கரண்ட் 27ல ஒரு பங்கு, 40 வாட்கூட வராது. அந்த காத்து நாள் முழுக்க நிக்காம அடிச்சாலும் ஒரு யூனிட் தேறாது. அதே காசுல கால்வாசிக்குள்ள ஒரு 540 வாட் பேனல் மாட்டினா ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட்.

இதுல இன்னும் இருக்கு, வீடும் மரமும் தண்ணி டேங்கும் காத்தை உடைச்சு சுழல விட்டுடும். சுத்தி ஐநூறு அடிக்குள்ள இருக்குறதுலயே உயரமானதைவிட முப்பது அடி மேல இருந்தாத்தான் சுத்தமான காத்து கிடைக்கும், நம்ம தெருவுல அவ்வளவு உயர கம்பம் யார் மாடி தாங்கும்? அதிர்வு தளம் வழியா கீழ படுக்கிற ரூம் வரைக்கும் இறங்கும், ராத்திரி சத்தம் வேற.

விண்ட் எனர்ஜியே வேஸ்ட்னு எடுத்துக்காதீங்க. நாட்டுக்கே வழி காட்டின ஊரு நம்ம தமிழ்நாடு, 1986லயே தூத்துக்குடி பக்கம் காற்றாலை நட்டாச்சு. ஆனா இடம் பாத்துதான் நட்டாங்க, ஆரல்வாய்மொழி, பாலக்காடுன்னு மலை இடைவெளியில காத்து குவிஞ்சு வர்ற இடம். ரயில் பெட்டி செய்யுற நம்ம பெரம்பூர் ஐசிஎஃப்பை எடுத்துக்கோங்க, ஃபேக்டரிக்கு வேணும்னு 10.5 மெகாவாட்டுக்கு காற்றாலை போட்டாங்க, போட்டது திருநெல்வேலி மாவட்டத்துல, பெரம்பூர்ல இல்ல. சோலாரும் விண்ட்டும் சேர்ந்த ஹைபிரிட்னு விக்க வந்தாலும் இதே பதில்தான், அந்த விண்ட் பாகத்துக்கு ஆகுற காசுக்கு பேட்டரி வாங்குங்க.

தெருவுல தண்ணி நிக்கும். என்ன பண்றது?

இன்வெர்ட்டரை கீழ மீட்டர் பக்கத்துல மாட்ட விடாதீங்க, மொதல் மாடியிலயோ மாடிப்படி ரூம்லயோ வெயில் படாத சுவர்ல மாட்டுங்க. 2015லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் எந்த உயரம் வரைக்கும் ஏறுச்சுன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும், அதுக்கு மேலதான் எல்லா பாக்ஸும். தண்ணி ஏறும்போது மெயினை ஆஃப் பண்ணாலும் பகல்ல பேனல்லேர்ந்து வர்ற டிசி ஒயர்ல கரண்ட் இருந்துட்டேதான் இருக்கும், சில சிஸ்டத்துல நூத்துக்கணக்கான வோல்ட், அதனால டிசி ஸ்விட்ச் எங்க இருக்குன்னு வீட்டுப் பெரியவங்களுக்கும் காட்டி வைங்க, ஒயரை கையால பிடுங்க வேணாம். பேனல் பக்கத்து டிசி, இன்வெர்ட்டர்லேர்ந்து வீட்டுக்கு வர்ற ஏசி கரண்ட், இடிதாங்கி மூணுக்கும் தனித்தனி எர்த் குழி வேணும், ஒரே குழியில முடிச்சுட்டுப் போறவங்களை விடாதீங்க.

காத்தாடி நூல், கிரிக்கெட் பால்?

நூல் ஒண்ணும் பண்ணாது, அதை எடுக்க பசங்க பேனல் மேல ஏறுறதுதான் பண்ணும், மிதிச்சா கண்ணாடி உடையலன்னாலும் உள்ள செல்லு விரிஞ்சிடும். டென்னிஸ் பால் பரவாயில்ல, கார்க் பால் நேரா விழுந்தா உடைய வாய்ப்பு இருக்கு.

அபார்ட்மென்ட், ஹவுசிங் போர்டு, வாடகை வீடு?

அபார்ட்மென்ட்னா லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு லைட் ஓடுற பொது மீட்டருக்குப் போடுங்க, அந்த மீட்டர்ல 100 யூனிட் ஃப்ரீ கிடையாது, ரேட்டும் ஜாஸ்தி, மோட்டாரை பகல்ல ஓட்டினா வர்ற கரண்ட்டு அங்கயே செலவாகும். அசோசியேஷனுக்கு கிலோவாட்டுக்கு 18,000 மானியமும் இருக்கு. ஹவுசிங் போர்டு பிளாக்ல மாடி எல்லாருக்கும் சொந்தம், ஒருத்தர் மட்டும் போட்டா சண்டைதான், பொது மோட்டாருக்குன்னு கேட்டு எல்லாரும் கையெழுத்து போட்டு வாரியத்துல அனுமதி கேளுங்க. வாடகை வீடுன்னா வீட்டுக்காரர் போட்டாத்தான், நீங்க காசு போடாதீங்க.

கொட்டேஷன் கையில இருக்கு, எதைப் பாக்கணும்?

3 கிலோவாட் ஆன்கிரிட் மானியத்துக்கு முன்னாடி ஏறக்குறைய ரெண்டு லட்சம் பக்கம் வரும், உயரமான ஸ்டாண்ட்னா இன்னும் கூடும். அதைவிட ரொம்ப கம்மியா ஒருத்தர் சொன்னா ஸ்டாண்ட்லயும் எர்த்லயும் ஒயர்லயும்தான் கை வெச்சிருப்பார், அது கண்ணுக்குத் தெரியாத இடம். பேனல் 25 வருஷ வாரன்டின்னு சொல்லுவாங்க, அது வெளிச்சத்துக்கு எவ்வளவு கரண்ட் தருங்கிற வாரன்டி, பேனல் பொருளுக்கு தனி வாரன்டி 10, 12 வருஷம், இன்வெர்ட்டருக்கு 5லேர்ந்து 10, மூணையும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. ஆளு பிஎம் சூர்ய கர் போர்ட்டல்ல பதிவானவரா பாருங்க, நெட் மீட்டர் (நீங்க வாங்குறது, அனுப்புறது ரெண்டையும் கணக்கு வைக்கிற மீட்டர்) மாட்டி முடிக்கிற வரைக்கும் ஈபி ஆபீஸ் வேலை யாரோடதுன்னு எழுத்துல வேணும், 10 கிலோவாட் வரைக்கும் வீட்டு சிஸ்டத்துக்கு தனியா டெக்னிக்கல் ஸ்டடி (ஈபி லைன் தாங்குமான்னு பாக்குறது) தேவையில்லன்னு 2024லயே விதி மாத்தியாச்சு, அந்த ஸ்டடிய காரணம் காட்டி யாராவது இழுத்தடிச்சா கேளுங்க. கடைசி பத்து சதவீதப் பணத்தை ரெண்டு பக்கமும் ஓடுற மீட்டர் மாட்டி மொத யூனிட் கணக்குல ஏறின பிறகு குடுங்க.